அலமாரிக்காரர்களும் ஆட்டம் நடத்துகிறவர்களும்

சினிமா, போர்டு கேம் மாதிரி விஷயங்களில் தீவிரப் பித்துப் பிடித்தவர்களின் கீக் உலகத்தில் யாருக்கு மரியாதை அதிகம் என்று பாருங்கள். முதலில், நிறைய வாங்கி வைத்திருப்பவருக்கு. சுவர் முழுக்க போர்டு கேம் பெட்டிகள், பாதிக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. போட்டோ போட்டால் லைக் குவியும். அடுத்தது, நிறையத் தெரிந்தவருக்கு. எந்தப் படத்தின் எந்தக் காட்சியில் பின்சுவரில் என்ன போஸ்டர் தொங்குகிறது என்பதுவரை ஒப்பிப்பார். நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விதிகளைச் சொல்லிக்கொடுத்து, ஆட்டத்தை நடத்தி, கடைசியில் டோக்கன்களைப் பொறுக்கிப் பையில் போடுகிறாரே ஒருவர், அவருக்கு மூன்றாவது இடம்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

கல்ட் சினிமாவையே, அதாவது ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டிசம்பரில் நியூயார்க்கில் எல்ஜின் தியேட்டரை நடத்திவந்த பென் பேரன்ஹோல்ட்ஸ், ‘எல் டோப்போ’ என்ற விசித்திரமான படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. ‘மிட்நைட் மூவி’ என்ற பழக்கம் சூடுபிடித்தது அங்கேதான். படத்தை எடுத்தவர் யொடோரோவ்ஸ்கி, சரி. அதை எந்த நேரத்தில், எப்படிப்பட்ட கூட்டத்துக்குக் காட்டுவது என்று யோசித்தவர் ஒரு தியேட்டர்காரர்.

‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ கதை இன்னும் சுவாரஸ்யம். 1975-இல் வெளியானபோது படம் ஓடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி தொடங்கியது. கொஞ்ச நாளில் ரசிகர்கள் திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணக் காட்சியில் அரிசியை வீசினார்கள், மழைக் காட்சியில் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் வேஷம் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னாலேயே கூடவே நடிக்கும் குழுக்கள் வந்தன. இது எதுவும் படச்சுருளில் இருந்ததில்லை. வாரம் தவறாமல் வந்து, புதிதாக வந்தவனுக்கு எப்போது கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஆட்கள் உண்டாக்கியது.

அதனால்தான் படம் வெளியாகும் முன்பே ‘கல்ட் கிளாசிக்’ என்று அடித்துவிடும் போஸ்டர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வேண்டுமென்றே மோசமாக எடுக்கும் படங்களும் ஒட்டுவதில்லை. 2003-இல் வந்த ‘தி ரூம்’ படத்தை டாமி வைசோ பின்னாளில் கறுப்பு நகைச்சுவை என்று சொல்லிக்கொண்டாலும், முதலில் விற்றது உருக்கமான நாடகமாகத்தான். மனிதர் உண்மையாகவே முயன்றிருக்கிறார். ரசிகர்கள் பிளாஸ்டிக் கரண்டியை வீசிச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பில் ஒரு பிரியமும் கலந்திருப்பது அதனால்தான்.

டேபிள்டாப், அதாவது மேஜையில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் பக்கம் வந்தால் இது இன்னும் தெளிவு. ‘க்ரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டை 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி வெளியிட்டார். நடுவர் இருந்தார், கூடவே ஏகப்பட்ட கணக்கும் அட்டவணையும் இருந்தன. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி வந்து, அட்டவணையை ஓரம் கட்டுங்கள், அனுபவமுள்ள நடுவர் முடிவு செய்யட்டும் என்றார். ஆட்டத்தை நடத்துகிற ஆளை நம்பு என்ற யோசனைக்கு இவ்வளவு வயது.

1969-இல் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரௌன்ஸ்டைன்’ என்று ஒரு ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலத்து ஊர், படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சதி செய்துகொண்டு அவர் திட்டத்தையே கலைத்துவிட்டார்கள். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று அவர் நினைக்க, விளையாடியவர்கள் இன்னொன்று எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னிசன் அதையே ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை உலகமாக வளர்த்தார். கேரி கைகாக்ஸ் என்ற இன்னொரு ஆட்ட வடிவமைப்பாளரோடு சேர்ந்து அது 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதாபாத்திர ஆட்டம் ஆனது. முதல் பதிப்பு 1000 பெட்டிகள், உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். அந்த விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள், பாதி வழியில் நின்றுவிடும். இடைவெளிகளை ஒருவர் உட்கார்ந்து நிரப்பியாக வேண்டும். அவரை அந்தப் புத்தகங்கள் ‘ரெஃப்ரீ’ என்றுதான் அழைத்தன. ‘டன்ஜன் மாஸ்டர்’ பட்டமெல்லாம் பிறகு வந்தது.

இப்போது அந்த வேலை செய்கிறவர்களுக்கு வேறு ஒரு தலைவலி. 2015-இல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்ற இணையத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. தொழில்முறைக் குரல் நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறார்கள், மேத்யூ மெர்சர் கதை நடத்துகிறார். எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், வேலை முடிந்து களைத்துப்போய் உட்காரும் டன்ஜன் மாஸ்டரிடமும் ஏழு குரலும் கண்ணீர்க் காட்சியும் எதிர்பார்க்கிறார்கள். இதற்கு ‘மெர்சர் எஃபெக்ட்’ என்று பெயரே வந்துவிட்டது. நன்றாகக் கதை நடத்தக்கூடிய எத்தனையோ பேர் இதனாலேயே பயந்து ஒதுங்குகிறார்கள்.

நடத்துவதில் இருக்கும் நுணுக்கம் வேறு. விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினால் ஆட்டம் அங்கேயே செத்தது. எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் சொல்ல வேண்டும், மிச்சத்தை ஆடும்போது சொல்லலாம். ‘பாண்டமிக்’ மாதிரி கூட்டு ஆட்டங்களில் விவரம் தெரிந்த ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுவார். மற்றவர்கள் அவருடைய காய்கள்தான். இதைக் கவனித்து, அடுத்த முறை ‘ஹனாபி’யை எடுத்து வைப்பதுதான் நடத்துகிறவரின் சாமர்த்தியம். அதில் உங்கள் கார்டு உங்களுக்கே தெரியாது, மற்றவர்கள்தான் பார்க்க முடியும். தனியாளாக ராஜ்யம் நடத்த வழியே இல்லை.

படம் காட்டுவதிலும் இதே கதைதான். ‘பிளேடு ரன்னர்’ படத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. 1982-இல் வந்ததில் பின்னணிக் குரலும் சுபமான முடிவும் இருக்கும், பிறகு வந்தவற்றில் அவை போய்விட்டன. ‘எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து பேசு’ என்பவர் அறிவாளியாக இருக்கலாம். 2007-இன் ‘ஃபைனல் கட்’டைப் போட்டு, விளக்கை அணைத்து, நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் ஒரு புதிய ரசிகரைச் சம்பாதிக்கிறார். நடுவே ‘இப்ப பாரு, இப்ப பாரு’ என்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

‘உண்மையான ரசிகன்னா இதுக்குப் பதில் சொல்லு’ வகையறா பரீட்சைகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பெண்களிடம்தான் அந்தக் கேள்வித்தாள் அதிகம் நீட்டப்படுகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெட்டிகளை வாங்கிச் சேர்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2020-இல் ‘ஃப்ராஸ்ட்ஹேவன்’ என்ற ஒரே ஆட்டத்துக்கு, மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கிட்டத்தட்ட 1 கோடியே 30 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய ஆட்டம் வந்திருக்காது. தனியாக விளையாடுகிறவர்களும் நம்மவர்கள்தான். ஆனால் அந்தப் பெட்டிகளில் எத்தனை திறக்கப்பட்டன என்று கேட்டால் கமென்டில் சண்டை வரும்.

நடத்திப் பார்க்க ஆசையிருந்து தயங்குகிறவர்களுக்கு ஒன்று: பெட்டி வாங்கக்கூட வேண்டாம். ‘கோட்நேம்ஸ்’ ஆட்டத்துக்கு 25 சொற்கள் போதும், துண்டுச்சீட்டில் எழுதி ஐந்துக்கு ஐந்தாகப் பரப்புங்கள். முதலில் ஆடும் அணிக்கு 9 சொற்கள், அடுத்த அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7, தொட்டால் தோல்வி என்று 1. எது யாருடையது என்ற வரைபடத்தை இரண்டு தலைவர்கள் மட்டும் பார்க்க வேண்டும். தலைவர் தன் அணிக்கு ஒரு சொல்லும் ஒரு எண்ணும் மட்டுமே துப்பாகத் தருவார், அதை வைத்து அணி தன் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு பேர் இருந்தால் அருமை, நாலு பேர் என்றாலும் ஓடும். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், சொல்கிறேன்.