வைக்கோல் வண்டி போகும் தெருவில் ஃபைபர் இணைப்பு

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வருவது புதிதல்ல. இந்த ஆண்டு ஜவுளிக்கடைத் துண்டுச்சீட்டுகளுக்கு நடுவே வீட்டு இணைய இணைப்புக்கான சீட்டுகளும் மூன்று வந்திருந்தன. எது மலிவு என்று அக்கம்பக்கத்தில் பலரும் என்னிடம் கேட்டார்கள். மாத வாடகையை மட்டும் பார்த்து அதைச் சொல்லவே முடியாது என்பது, பணம் கட்டி ஏமாந்த பிறகு எனக்கு வந்த முடிவு.

சீட்டில் 399 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து கையைவிட்டுப் போவது 470 ரூபாய் 82 காசு. வேகத்தைக் குறிக்கும் எம்பிபிஎஸ் என்பதை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை மெகாபைட் இறங்கும் என்பது தெரியும். 100 எம்பிபிஎஸ் என்றால் பன்னிரண்டரை. 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் மாதத்துக்கு 3300 ஜிபி என்ற வரம்பு இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். நாளுக்கு 110 ஜிபி ஆகிறது. முழு எச்டி படம் மணிக்கு 3 ஜிபி எடுத்துக்கொண்டாலும், ஒரு தொலைக்காட்சியில் அதைத் தீர்க்க ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரம் போதாது. சாதாரணக் குடும்பத்துக்கு 30 அல்லது 40 எம்பிபிஎஸ் தாராளம். முற்றம் வைத்த பழைய வீட்டில் ரூட்டரைத் திண்ணையோரம் மாட்டிவிட்டு, அடுப்படிக்கு வைஃபை வரவில்லையே என்று 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறுபவர்களைப் பார்க்கிறேன். தடித்த சுவர் மறிக்கும் அலையை அதிகப் பணம் கொண்டு போய்ச் சேர்க்காது. ரூட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். மூன்று ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு மாதத் தொகையை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று ஒரு நிறுவனத்தின் பையன் வந்து சொன்னதை நம்பி, ஆவணி மாதம் கட்டினேன். கார்த்திகை அடைமழையில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது. ரூட்டரில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. அப்படி மினுக்கினால், ஃபைபர் வழியாக இணையத்தைக் கொண்டுவரும் ஒளி வீடு வரை வந்து சேரவில்லை என்று பொருள். ஆனாலும் தொலைபேசியில் பேசியவர்கள் ஒவ்வொரு முறையும் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பதினெட்டு நாள் இணையம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகள் தினமும் இரவு முகம் பார்த்துப் பேசுபவள். அத்தனை நாளும் வெறுங்குரலோடு நின்றது. இலவச மாதத்தில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்தது.

பழைய தரைவழித் தொலைபேசியின் செம்புக் கம்பி அறுந்தால், லைன்மேன் கம்பத்தில் ஏறி இரு முனைகளையும் முறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். ஃபைபர் என்பது முடியளவே பருமனுள்ள கண்ணாடி இழை. இரு முனைகளையும் நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். எங்கள் பகுதிக்கான மெஷின் தஞ்சாவூரில் இருந்த ஒரே குழுவிடம்தான் இருந்தது என்பது பதினெட்டாம் நாள் வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் இப்போது யார் விற்க வந்தாலும் நான் முதலில் கேட்பது, "தம்பி, ஒட்டுகிற மெஷின் எந்த ஊரில் இருக்கிறது?" என்பதைத்தான். பதில் சொல்லத் தடுமாறினால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்களோடு கம்பிகளும் போயின. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது ஆண்டுதோறும் வருகிற சாதாரணச் சேதத்தை. டெல்டாவில் அது இரண்டு முறை வரும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்று, சம்பா அறுவடை முடிந்து, கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து கிடக்கும் கேபிளை வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் இழுத்துக்கொண்டு போகும் தை, மாசியில் மற்றொன்று. இந்த இரண்டையும் ஒரு நிறுவனம் எப்படிக் கடக்கிறது என்று பார்க்காமல் ஆண்டுத் தொகை கட்டுவது, விதையை முளைக்கப் போட்டுப் பார்க்காமலே மூட்டைக்கணக்கில் வாங்குவதைப் போன்றது.

இன்னொன்று, பேரம். பெரிய நிறுவனங்கள் மாத வாடகையில் அசைவதில்லை. உள்ளூர்க் கேபிள்காரர் வழியாக வரும் இணைப்பில், தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து போய்க் கேட்டதும் நிறுவும் கட்டணத்தை அவர் முழுதாக விட்டுக்கொடுத்தார். ரூட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டோம். புகார் சொல்லும்போதெல்லாம் எண்ணைக் குறித்து வைக்கிறேன். அந்த எண் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போக வழியில்லை. மின்வெட்டுக்காக ரூட்டருக்கென்று ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினேன், அதை முன்பே செய்திருக்கலாம்.

இப்போது வரி உட்பட 588 ரூபாய் 82 காசு மாதாமாதம் கட்டுகிறேன். கேபிள்காரரின் கடையிலேயே மெஷின் இருக்கிறது, என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆண்டுத் திட்டத்துக்கு மாறச் சொல்லி அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மாசியில் கடைசி வைக்கோல் வண்டி தெருவைத் தாண்டட்டும், கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.