கருப்பாக இருந்தால் மட்டும் போதாது

"கம்போஸ்ட் கருப்பாக இருந்தால் நன்றாக மக்கியிருக்கிறது என்று அர்த்தம், புல்தரை மேல் இரண்டு அங்குலம் கொட்டலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அரைகுறையாக மக்கியதும் ஈரமாக இருந்தால் கருப்பாகத்தான் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு மோந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் சரி. அம்மோனியா நெடியோ புளித்த வாடையோ அடித்தால், குவியலுக்குள் கை வைக்கும்போது சூடு தெரிந்தால், இன்னும் காத்திருக்க வேண்டும். மரத்தூள் அதிகம் கலந்ததென்றால் கூடுதல் கவனம் தேவை: கார்பன்-நைட்ரஜன் விகிதம் (ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பது) 30-ஐத் தாண்டினால் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும், புல் மஞ்சளடிக்கும். சாணத்தில் செய்த கம்போஸ்டில் உப்பு கூடுதலாக இருக்கலாம். இளம்புல் அதைத் தாங்காது, ஆகவே விற்பவரிடம் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

அப்புறம் அந்த இரண்டு அங்குலம்! அவ்வளவு போட்டால் புல் வெளிச்சமில்லாமல் செத்துவிடும். கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. போதும், 100 சதுர மீட்டருக்கு 0.6 கன மீட்டர்தான் ஆகும். 10 மி.மீ.க்கு மேல் கட்டி இல்லாமல் சலித்துத் தூவி, புல்நுனி வெளியே தெரியும்வரை வாரியால் இழுத்துவிடுங்கள்.