எஞ்சின் போர் பெரிதானால் கம்ப்ரஷனும் ஏறும்

"ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) தொடாமல் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) மட்டும் பெரிதாக்கினால் சிசி கூடும், கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) அப்படியே இருக்கும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். காட்பாடிப் பக்கம் டிராக் ரேஸுக்கு வண்டி கட்டும் தம்பிகள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்: கம்ப்ரஷனும் ஏறும்.

பிஸ்டன் நகரும் கன அளவோடு, அது உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடத்தைக் கூட்டி, அந்த மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. என்றால் 98 சிசி. மேலே 12 சிசி மிஞ்சினால் ரேஷியோ 9.2. போரை 54 ஆக்கினால் 114.5 சிசி, அதே 12 சிசிக்கு 10.5 வந்துவிடும். (பிஸ்டன் தலையில் குழி, ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் இருந்தால் குறையும்.) நம்மூர் வெயிலில், சாதா பெட்ரோலில், பிளக் பொறி விழும் டைமிங்கையும் மாற்றாமல் இழுத்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் தலையே உருகலாம்.

நீங்களே அளந்து பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்துங்கள். பிளக் துளை மேலே பார்க்கட்டும். மெடிக்கலில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சில் எஞ்சின் ஆயில் எடுத்து, பிளக் மரையின் அடிவரை ஊற்றுங்கள். இறங்கிய மி.லி.தான் மிஞ்சும் இடம். அளந்ததும் ஆயிலை முழுக்க உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அதற்கு முன் கிக்கரைத் தொடாதீர்கள்.