சூடுபட்ட சுவர் வேண்டாம், கச்சான் கடையைக் காட்டுங்கள்

கமராவோடு கிளிநொச்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: "துப்பாக்கிச் சூடுபட்ட சுவர் ஏதாவது இன்னும் மிச்சம் இருக்கிறதா?" குறும்படமோ, ஆவணப்படமோ, காதல் பாட்டோ, எல்லாருக்கும் அந்தச் சுவர்தான் வேண்டும். போரில் விழுந்த நீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று படம் பிடித்தவர்கள், அதற்குச் சில நூறு மீற்றர் தள்ளி இருந்த கூல்பாரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வன்னிக்கு இப்போது வேண்டியது ஒரு காதல் நகைச்சுவைப் படம். அதுவும் எங்கள் சந்திகளிலேயே, எங்கள் கடைகளிலேயே எடுத்த படம். சிரிக்கிறவர்கள், ரோம் நகரத்துக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

'ரோமன் ஹாலிடே' 1953இல் வெளிவந்தது. மாளிகையிலிருந்து தப்பி ஓடிய இளவரசி ஒரு பத்திரிகைக்காரனோடு ரோம் முழுவதும் ஒரு நாள் சுற்றுகிறாள். அவ்வளவுதான் கதை. ஹொலிவூட்டில் அரங்கம் போட்டு எடுத்துவிடலாம் என்றது தயாரிப்பு நிறுவனம். இயக்குநர் வில்லியம் வைலர் மசியவில்லை. ரோமுக்குப் போனால் செலவு கூடும் என்பதால் வண்ணத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். முழுப் படமும் ரோமிலேயே எடுக்கப்பட்டது என்று எழுத்தோட்டத்திலேயே போட்டுக்கொண்டார்கள்.

அது எந்த ரோம் என்பதுதான் எனக்கு முக்கியம். 1943 ஜூலை 19 அன்று அந்த நகரத்தின் சான் லொரென்சோப் பகுதியில் குண்டுகள் கொட்டின. 1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் உள்ளே வந்தன. படப்பிடிப்பு நடந்தது 1952 கோடையில். இடையில் வெறும் எட்டு ஆண்டுகள். படத்தின் உள்ளரங்கக் காட்சிகளை எடுத்த சினெசித்தா ஸ்டுடியோ, போர் முடிந்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் முகாமாக இருந்தது. 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வைலரும் போரைத் தூரத்திலிருந்து கேள்விப்பட்டவர் அல்லர். 1945இல் இத்தாலியின் வானில், இராணுவத்துக்காகப் படம் பிடிக்கப் பறந்த விமானத்தில்தான் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். அதே நாட்டுக்குத் திரும்பி வந்து அவர் எடுத்தது இப்படியொரு சிரிப்புப் படம்.

கமரா எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். திரெவி நீரூற்றுக்கு அருகில் ஒரு சலூன். அங்கே இளவரசி தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொள்கிறாள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். பத்திரிகைக்காரனின் அறை மார்குத்தா தெருவில், 51ஆம் இலக்க முற்றத்துக்குள் படியேறிப் போக வேண்டிய இடம். திபெர் ஆற்றில், சாந் ஆஞ்சலோ கோட்டைக்குக் கீழே, படகில் நடனம் நடக்கிறது, அடிதடியும் அங்கேதான். கொலோசியமும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மனத்தில் நிற்பவை சலூனும் படிக்கட்டும்தான். சாந்தா மரியா இன் கொஸ்மெதின் தேவாலயத்து முகப்பில் ஒரு கல்முகம் இருக்கிறது. பொய்யன் அதன் வாய்க்குள் கையை விட்டால் கடித்துவிடும் என்பது ஐதீகம். பத்திரிகைக்காரனாக நடித்த கிரெகரி பெக் கையை விட்டு, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே இழுக்க, இளவரசியாக நடித்த ஒட்ரி ஹெப்பர்ன் வீரிட்டுக் கத்துகிறார். அந்தக் கத்தல் நடிப்பே அல்ல, பெக் முன்கூட்டிச் சொல்லாமல் செய்தது என்பார்கள். அந்தக் கல் அங்கே இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. இடம் தருகிற நகைச்சுவை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு இடம் இருக்கிறது. பொலிக்லினிக்கோச் சாலையோரம் சிறிய நேர்த்திக்கடன் பலகைகள் நிறையப் பதித்த ஒரு சுவர். இளவரசி அது என்னவென்று கேட்கிறாள். போர்க்காலத்தில் குண்டு விழுந்தபோது நான்கு பிள்ளைகளோடு தெருவில் அகப்பட்ட ஒருவன் அந்தச் சுவரோரம் ஒதுங்கி மன்றாடினான்; குண்டுகள் மிக அருகில் விழுந்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை; பிறகு அவன் வந்து முதல் பலகையைப் பதித்தான் என்று கதை சொல்கிறான் பத்திரிகைக்காரன். ஒரு நிமிடம்கூட நீளாது. அழுகை இசை இல்லை, பழைய காட்சிக்குத் தாவல் இல்லை. சுவர் இருந்தது, அவர்கள் அந்த வழியால் போனார்கள், பார்த்தார்கள், மாலை நடனத்துக்குப் போய்விட்டார்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சியில் நகைச்சுவையா, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவில் இருக்கும்போதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய அந்தப் போராட்டம் எங்கள் தெருவின் பகுதி. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் அது கமராவின் சட்டகத்துக்குள் வரத்தான் வேண்டும். கமராவைத் திருப்பி மறைக்கிறவனையும் நம்பமாட்டேன், அதை வைத்துக் கண்ணீர் பிழிகிறவனையும் நம்பமாட்டேன். அவன் வேகத்தைக் குறைக்கட்டும், தெரிந்த அம்மா ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசட்டும், பிறகு போகட்டும். நாங்கள் அப்படித்தானே போய்வருகிறோம்?

ஒரு விசயம் எரிச்சலாக இருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை' காட்டிய ஆழியாறு எங்களுக்குத் தெரியும். 'விண்ணைத்தாண்டி வருவாயா' பார்த்தவர்கள் ஆலப்புழைப் பக்கத்துப் புளிங்குன்று தேவாலயத்தைப் பார்த்தவுடன் சொல்வார்கள். ஆனால் மாங்குளம் என்ற எங்கள் ஊர்ப் பெயர் 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஒலித்தபோது அது போரின் பெயராகவே ஒலித்தது. பெயர் எங்களுடையது, படம் பிடித்த மண் வேறு.

கதைக்கா பஞ்சம்? முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி எந்த வாகனமும் நிற்காமல் போகாது. கொழும்பு பஸ் நிற்கிறது. ஒருத்தி கச்சான் கடலை வாங்க இறங்குகிறாள், மிச்சக் காசுக்குக் கடைக்காரம்மாவோடு வாதாடுகிறாள், பஸ் அவளுடைய பையோடு போய்விடுகிறது. பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஹெல்மெட் ஒன்றுதான். மீதியை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை: வழி சரியாக இருக்க வேண்டும். முறிகண்டியில் தவறவிட்ட கொழும்பு பஸ்ஸைத் துரத்துகிறவன் தெற்கே மாங்குளம் நோக்கித்தான் போக வேண்டும். காட்சி அழகுக்காக அவனை இரணைமடுக் குளக்கட்டில் ஏற்றினீர்களோ, தியேட்டரில் எல்லாரும் "தம்பி, திரும்பு!" என்று கத்துவார்கள். குளக்கட்டு வேண்டுமென்றால் இரண்டாம் பாதியில் வையுங்கள், மாரியில், வான்கதவு திறந்திருக்கும்போது. அந்த இரைச்சலில் அவன் சொல்லும் காதல் அவளுக்குக் கேட்காது. அவள் "என்ன?" என்று கேட்கக் கேட்க அவன் கத்த வேண்டியதுதான், குளம் பார்க்க வந்த சனம் முழுவதும் கேட்கும்படி.

இனி உங்கள் முறை. உங்கள் ஊரில் இந்தப் படத்துக்கு எந்த இடத்தைத் தருவீர்கள்? கருத்தில் எழுதுங்கள். முல்லைத்தீவுக்காரர்கள் "கடற்கரை" என்று ஒரு சொல்லோடு தப்ப வேண்டாம். எந்தச் சந்தி, எந்தக் கடை, அங்கே என்ன வாங்கலாம் என்பதும் வேண்டும். நீர்த்தாங்கி என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் போடமாட்டேன்.