நண்டுகள் போட்ட குப்பையா அது?

நேற்று நம் நண்பர் ஒருவர் இணையத்தில் போட்ட படத்தின் கீழ் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் மூடிய தீவுக் கரை, அங்கே வாழ்பவர்களுக்கு அவர் வழங்கிய தீர்ப்பு, "சுத்தம் தெரியாத சனங்கள்." "அது அலை ஒதுக்கிய குப்பை ஐயா" என்று ஒரு வரிதான் எழுதினேன். உடனே எனக்குச் 'சுற்றுச்சூழல் போலீஸ்' பட்டம்.

சரி, போலீஸே பேசுகிறேன். அது அலை ஒதுக்கிய குப்பை. தென் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் ஒரு குடும்பம்கூடக் கிடையாது. ஆனால் 2015இல் அங்கே போன ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், கரையில் சுமார் 3.77 கோடி பிளாஸ்டிக் துண்டுகள். யார் போட்டது, நண்டுகளா? இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் வாழ்வது அறுநூறு பேர் அளவில்தான். அங்கே ஒதுங்கிய பல் துலக்கும் பிரஷ்கள் மட்டும் சுமார் 3,73,000. அத்தனை பல் யாருக்கு இருக்கிறது?

"உள்ளூர்க் குப்பையும் இருக்குமே?" இருக்கும். ஒப்புக்கொண்டேன், போதுமா? "மீன்பிடி வலைகளைப் பற்றிப் பேச மாட்டாயே?" பேசுகிறேனே. சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவில் ஆய்வு நிலையத்து ஆட்களைத் தவிர யாருமில்லை. 2019இல் அங்கிருந்து 25 டன் குப்பை அள்ளினார்கள். அந்தக் கரைக் குப்பையில் எடையில் பார்த்தால் பெரும்பங்கு மீன்பிடிச் சாதனங்கள்தான். அந்த வலைகளையும் தீவுக்காரர்கள்தான் வீசினார்களா?

ஒருமுறை ஆளில்லாத கரை ஒன்றில் நாள் முழுக்கக் குப்பை பொறுக்கினேன். கடைசியாகக் கிடைத்தது ஒற்றைச் செருப்பு. அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசு, மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓட்டுயிர், ஒட்டியிருந்தது, ஓரத்தில் மீன் கடித்த தடம். எத்தனை மாதம் மிதந்ததோ. மறுநாள் ஓதம் வடிந்தபின் போனால் மூடியும் கயிறும் மறுபடி அதே வரிசையில். சாக்கும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அந்த வழியாக வந்த ஒருவர் கேட்டார்: "உங்கள் ஊரில் குப்பைத்தொட்டியே கிடையாதா?" அது என் ஊரே இல்லை. அப்போது வாயடைத்து நின்றதற்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன் என்று நினைத்தாலும் சரி.

இந்தக் குப்பையால் சாவது யார் தெரியுமா? காலிச் சங்கில் குடியேறும் நண்டு, கரை ஒதுங்கிய பாட்டிலுக்குள் இறங்கி, வழுக்கி, ஏற முடியாமல் சாகிறது. அதன் வாடை மற்ற நண்டுகளுக்கு 'இங்கே ஒரு சங்கு காலி' என்ற சேதி. அவையும் வருகின்றன. ஒரே பிளாஸ்டிக் கலனில் 526 நண்டுகளை எண்ணியிருக்கிறார்கள். இதையும் நேற்றே அங்கே எழுதியிருந்தேன். "ஓவர்" என்று ஒருவர் சிரித்தார். நாற்பது பேர் கூடச் சிரித்தார்கள், அதில் மூன்று பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

இன்று காலை பார்த்தால் நண்பரின் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, என் பதிலை மட்டும் நீக்கிவிட்டார். சுத்தம் தெரிந்தவர்.