பழைய வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க

"வீடு என்னுது, இடம் என்னுது, எவன் கேட்பான்" என்ற பேச்சைக் கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை எல்லா ஊரிலும் கேட்கலாம். பாதி சரிதான். வெள்ளையடிக்க, உடைந்த கூரை ஓடுகளை மாற்ற, தரைக்கு டைல்ஸ் போட யாரும் அனுமதி வாங்கச் சொல்லவில்லை. மாடி எடுத்தாலோ பக்கவாட்டில் ஓர் அறை இழுத்தாலோ கதை வேறு. ஒரு செங்கல்கூட வைக்காமல், குடியிருந்த வீட்டை ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு லாட்ஜாக மாற்றினாலும் 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. பிளான் அப்ரூவலுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் உறுதி கொடுப்பது நாம், விவரம் தப்பாக இருந்தால் மாட்டுவதும் நாம்.

அப்புறம், கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991ல் வந்தது, 2011லும் 2019லும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அதன் பிடி. 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குப் பொதுவாக இடமில்லை. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கிற வீட்டை மட்டும், பரப்பைக் கூட்டாமல், பழுது பார்க்கலாம் அல்லது திரும்பக் கட்டலாம்.

அந்த "அனுமதியோடு" என்பதில்தான் எனக்குக் கோபமே. தாத்தா காலத்தில் மீனவக் குடியிருப்பில் எழும்பிய வீட்டுக்கு எவன் பிளான் போட்டான்? வீட்டு வரி ரசீதைக் காட்டினால் அது அப்ரூவல் இல்லை என்கிறார்கள், சட்டப்படி அதுவும் சரிதான். தலைமுறையாகக் கரையில் கிடக்கிறவனிடம் காகிதம் இல்லை, நேற்று வந்த ரிசார்ட்காரனிடம் ஃபைல் ஃபைலாக இருக்கிறது.

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சவுதியிலிருந்து பணம் வந்ததும் முதலில் வருவது ஜேசிபி, என்ஜினியரைப் பார்ப்பது அதற்குப் பிறகு. வீடு தரைமட்டமான பின் அங்கே எத்தனை அடிக்கு வீடு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? இடிக்கும் முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், நீள அகலம் அளந்து எழுதுங்கள், பழைய வரி ரசீது, கரண்ட் பில், பத்திரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். சர்வே எண்ணைக் கொடுத்து, மனை கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆன்லைன் அனுமதி கையில் இருந்தாலும் இது தனியாக வேண்டும், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.