'சன்' பத்திரிகை யாரை ஜெயிக்க வைத்தது?

பிரிட்டனில் தேர்தல் வந்தாலே 'சன்' யாரை ஆதரிக்கப்போகிறது என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். (நம்மூர் சன் டிவி இல்லை, ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகை.) அதன் ஆதரவு கிடைத்த கட்சிதான் ஆட்சிக்கு வரும் என்று படித்தவர்களே அடித்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 1992இல். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 9 அன்று, லேபர் கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு மின்விளக்குக்குள் வைத்து முதல் பக்கத்தில் போட்டார்கள். இவர் ஜெயித்தால் நாட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று தலைப்பு. கருத்துக்கணிப்புகளெல்லாம் இழுபறி என்று சொல்லியிருக்க, கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜான் மேஜர் 21 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஜெயிக்க வைத்ததே நாங்கள்தான் என்று சன் மார்தட்டியது.

ஆனால் இரு கட்சிகளுக்கும் இடையே ஏழு சதவீதத்துக்கு மேல் வாக்கு வித்தியாசம். ஒரு நாள் முதல் பக்கத்தைப் பார்த்து அவ்வளவு பேர் மனம் மாறினார்கள் என்பதைவிட, கணிப்புகள் சொதப்பின என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. 1997 மார்ச்சில் சன் லேபர் கட்சித் தலைவர் டோனி பிளேர் பக்கம் தாவியபோது அவர் ஏற்கெனவே வெகுதூரம் முன்னே போயிருந்தார். 1992 செப்டம்பரில் பவுண்டு சரிந்த 'கறுப்புப் புதன்' அன்றே கன்சர்வேட்டிவ் கட்சியின் பொருளாதாரப் பெயர் போய்விட்டது. 2017இல் சன்னும் டெய்லி மெயிலும் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கோர்பினைக் கிழித்துத் தொங்கவிட்டன. அவர் 40 சதவீதம் வாங்கினார், கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரேசா மே பெரும்பான்மையை இழந்தார்.

அதற்காகப் பத்திரிகையைச் செல்லாக்காசு என்றும் சொல்லிவிட முடியாது. லிவர்பூலைப் பாருங்கள். 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். பழியை ரசிகர்கள் மீதே போட்டுப் பொய்ச் செய்தி வெளியிட்டது சன். அன்றிலிருந்து அந்த வட்டாரமே அதைப் புறக்கணிக்கிறது. ஃபுளோரியன் ஃபூஸ், டேனியல் பிஷோஃப் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். புறக்கணிப்புக்குப் பிறகு, இங்கிலாந்தின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே, சன் ஊட்டிவந்த ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பு குறைந்திருந்தது. எனக்கு இதுதான் முக்கியமான சாட்சி. ஐரோப்பா என்றாலே எரிச்சல் என்ற மனநிலை தேர்தல் வாரத்தில் வருவதில்லை, வருஷக்கணக்கில் தினம் ஒரு செய்தியாக ஊறுவது.

தொலைக்காட்சிக்கு, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமின் நடுநிலை விதிகள் உண்டு. வாக்குப்பதிவு தொடங்கிவிட்டால் தேர்தல் விவகாரங்களைப் பற்றி விவாதிக்கவும் கூடாது. பத்திரிகைக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. அப்புறம், பத்திரிகைகளின் தலைப்புகளை எடுத்துத் தொலைக்காட்சியிலேயே பேசுகிறார்கள், அது இன்னொரு கூத்து.

பத்திரிகையின் பயமுறுத்தல் உடனடியாக வேலை செய்வது அரசியல்வாதிகளிடம்தான். 2012இல், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில், எங்களுக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று மர்டாக்கே சொல்லிவிட்டார். ஆனால் 1995இல் பிளேர், மர்டாக் நிறுவன மாநாட்டில் பேசுவதற்காக ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவு வரை பறந்தார். கீர் ஸ்டார்மர் 2020 ஜனவரியில் லிவர்பூலில் நின்றுகொண்டு, லேபர் கட்சித் தலைவர் பதவிப் பிரசாரத்தின்போது சன்னுக்குப் பேட்டி தரமாட்டேன் என்றார். 2021 அக்டோபரில் அதே சன்னில் அவர் பெயரில் கட்டுரை வந்தது. லிவர்பூல்காரர்கள் கொதித்தார்கள். சரி, கைமாறாக என்ன கிடைத்தது? 2024 வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், யார் ஜெயிக்கப்போகிறார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, ஒரு ஆதரவுத் தலையங்கம். லேபர் 33.7 சதவீத வாக்கில் 411 இடங்களைப் பிடித்ததற்குத் தொகுதிக்கு ஒருவர் என்ற தேர்தல் முறையும், கன்சர்வேட்டிவ் வாக்குகளை வலதுசாரி ரிஃபார்ம் கட்சி பிரித்ததும் காரணம். சன்னுக்கு அதில் ஒரு பங்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.